லாண்ட் ரோவரும் ஆஸ்டின் ஜிப்ஸியும்

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும்படி, பண்ணை வேலைக்கு உகந்தவையாக இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டிகளுள் இவ்விரண்டும் குறிப்பிடத்தக்கவை. களத்துக் கருவிகளை ஓட்டுவதற்கும் இவற்றின் விசை உபயோகப்பட்டது.

ரோவர் கம்பெனியார் 1948-ம் வருஷத்தில் லாண்ட் ரோவரை வெளியிட்டனர். யுத்தத்திற்குப்பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால், மேற்கூடு அலுமினியக் கலப்புத் தகட்டினால் செய்யப்பட்டது. அத்தகடு எஃகைப்போல் துருப்பிடிப்பதில்லை. சக்கரங்களைத் தாங்கிய பட்டை விற்களைப் பழுதுபார்ப்பதும் சுலபம்.

ஆஸ்டின் ஜிப்ஸி 1958-ல் வந்தது. சக்கரங்கள் தனித்தனியே ரப்பர் விற்களால் தாங்கப்பட்டமையால், மேடுபள்ளங்களில் குலுக்கல் குறைவு. ஆயினும் அதன் கூடு எஃகினாலாயது. ஈரமும் சேறும் பட்டுத் துருவேறிற்று. பிற்காலத்தில் அதற்கும் பட்டை விற்கள் பொருத்தப்பட்டன. 1968-ல் இரு வண்டிகளும் பிரிட்டிஷ் லேலண்டு என்னும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன. ஜிப்ஸி அவ்வருஷமே நிறுத்தப்பட்டது. லாண்ட் ரோவரோ 1976-க்குள் பத்து லட்சம் வண்டிகளை எட்டிற்று.

பிரயாண சுகத்தைவிட, நீடித்த உழைப்பும் எளிய பழுதுபார்ப்புமே பண்ணைக்கு முக்கியம் என்பது இதனால் விளங்கும். எனினும் லாண்ட் ரோவரின் அடிச்சட்டமும் எஃகே. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் மேற்கூட்டின் தோற்றத்தைக் கண்டு மயங்காமல், அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிச் சோதித்த பின்னரே பணம் கொடுத்தல் நலம்.