அவரை பூக்கும்போது மேப்பிள் சிவக்கிறது

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பின்வளவில் மரக்கறி வைப்பவர்களைக் கேட்டால் அவரையைப் பற்றி ஒரு குறை கட்டாயம் வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த விதை ஜூனில் முளைத்து, ஜூலையில் வேலியேறி, ஓகஸ்டில் பக்கத்து வீட்டு மரத்தையும் எட்டிப் பிடித்துவிடும். பூ மட்டும் வராது. உரம் கூடிவிட்டது என்பார் ஒருவர், விதை சரியில்லை என்பார் இன்னொருவர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, இரவில் யன்னலைச் சாத்த வேண்டியிருக்கும் நேரம் பார்த்துக் கொடி முழுக்கப் பூக்கும். காய் முற்றுவதற்குள் உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிடும்.

அந்த நாட்களில்தான், வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் மேப்பிள்களின் மேல்நுனி சிவக்கத் தொடங்கும். அவரை பூப்பதும் மேப்பிள் சிவப்பதும் ஒரே தகவலைக் கொண்டுதான்: இரவு நீண்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ரொறன்ரோவில் அது ஆறரை மணித்தியாலம். ஜூனில் 15 மணித்தியாலம் 26 நிமிடம் நீளும் பகல், டிசெம்பரில் 9 மணித்தியாலத்துக்கும் கீழே போய்விடும். செப்டெம்பர் கடைசியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் கழிகிறது. நாம் கவனிக்கிறோமோ இல்லையோ, இலைகளில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி இதைக் கவனிக்கிறது. செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையில் வெளிச்சம் படாத இருட்டின் நீளத்தை. நம்முடைய பழைய கொடியவரைக்குப் போதிய இருட்டு கிடைத்தால்தான் பூ. ஊரில் அந்த இருட்டு மாரியில் வரும். இங்கே கோடை முழுக்க இராது, செப்டெம்பரில் கிடைக்கிறபோது காய்க்க நாளில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்தவரை இனங்கள் பகல் நீளம் பார்க்காமல் காய்ப்பவை. அவரைக்கறி வேண்டியவர்கள் அந்த விதையைத் தேடுவது நல்லது. உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேப்பிளுக்கு இதே இருட்டு வேறு கட்டளை. குளிர் பிடித்துத்தான் இலை நிறம் மாறுகிறது என்று பலரும் நினைப்பதுண்டு. குளிர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேலையைத் தொடக்கி வைப்பது பெரும்பாலும் நீளும் இரவு. மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்து, நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதியையும், கூடவே பொசுபரசையும் கிளைக்குத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் மென்மையான ஒரு கல அடுக்கு பிரிந்துகொடுக்க, உள்பக்கத்தைத் தக்கை மூடிவிடும். காற்று செய்வது கடைசித் தள்ளல் மட்டும். உதிர்ந்த இடத்தின் தழும்புக்கு மேலே பார்த்தால், அடுத்த ஆண்டுக்கான மொட்டு ஏற்கெனவே இருக்கும். கோடையிலேயே செய்து வைத்த மொட்டு அது.

மஞ்சள் நிறத்துக்கு விளக்கம் எளிது. கரோட்டினாய்டுகள் இலையில் எப்போதும் உண்டு, பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்புத்தான் புதிர். கத்தரிக்காய்த் தோலின் ஊதாவும் மேப்பிளின் சிவப்பும் அந்தோசயனின் என்ற ஒரே குடும்பம். உதிரப்போகிற இலையில் சர்க்கரை மேப்பிளும் சுமாக் புதரும் ஏன் இதைப் புதிதாகச் செலவழித்துச் செய்ய வேண்டும்? உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரவுனும் எழுதி, ஹாமில்டன் இறந்த பிறகு 2001 இல் வெளியான கட்டுரை ஒன்று துணிச்சலான விடை சொன்னது: இலையுதிர்காலத்தில் முட்டையிட மரம் தேடிவரும் அசுவினிகளுக்கு, "நான் வலுவான மரம், வேறிடம் பார்" என்ற எச்சரிக்கை. அழகான கருத்து. ஆனால் அசுவினியின் கண்ணில் சிவப்புக்கென்று தனி உணர்வி இல்லை. மற்ற விளக்கம் இவ்வளவு கவர்ச்சியானதல்ல. பச்சையம் குலைகிற நேரத்தில் வெயில் இலைக்கு நஞ்சாகிறது, சேமிப்பு முழுக்க இறங்கும்வரை சிவப்பு ஒரு வெயில்மறைப்பு. நான் இந்தப் பக்கம். சிவந்த மேப்பிள் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று நிழல் விழுந்து கிடந்த இடத்தில், மேல் இலையின் வடிவம் மஞ்சளாக அப்படியே பதிந்திருக்கும். வெயில் பட்ட பகுதிதான் சிவப்பு. விவாதம் இதோடு முடிந்துவிடவில்லை, என்றாலும் மரம் எங்கே செலவழிக்கிறது என்பது தெரிகிறது.

குறையும் பகலைப் படிப்பவை செடிகள் மட்டுமல்ல. செப்டெம்பரில் தங்கப்பூண்டுப் பூக்களில் தேன் குடிக்கும் மொனாக் வண்ணத்துப்பூச்சிகள் கோடைத் தலைமுறையைப் போல இணைசேர்வதில்லை. பகல் குறைவும், குளிர்ந்த இரவும், முதிர்ந்த எருக்கினச் செடிகளும் சேர்ந்து அவற்றின் இனப்பெருக்கத்தை நிறுத்திவைக்க, அவை மெக்சிக்கோவுக்குப் பறக்கின்றன. அவை எங்கே போகின்றன என்று பல பத்தாண்டுகள் தேடியவர்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஃபிரெட் உர்க்குவார்ட்டும் மனைவி நோராவும். சிறகில் ஒட்டிய கடதாசிச் சீட்டுகள்தான் ஆயுதம். 1975 ஜனவரியில் மிச்சோவாகான் மலைக்காட்டில் இடம் பிடிபட்டது. மறு ஆண்டு உர்க்குவார்ட் அங்கே போனபோது, மினசோட்டாவில் ஒட்டிய சீட்டுடன் ஒன்று கையில் கிடைத்தது.

வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், இருட்டை அளக்கத் தெரிந்தும் குளிருக்கு ஆயத்தமாகத் தெரியாதவைதான் அங்கே அதிகம். வெண்டி, கத்தரி, பாகல், சாடியிலுள்ள கறிவேப்பிலை எல்லாம் 10 பாகைக்குக் கீழே போனாலே வாடும், உறையத் தேவையில்லை. காரணம் கலச்சவ்வின் கொழுப்பு. ஒக்டோபரில் குசினி அலுமாரியைத் திறந்தால் தேங்காயெண்ணெய் கட்டியாக இருக்கும், நல்லெண்ணெய் ஊற்றக்கூடியதாக இருக்கும். நிறைவுற்ற கொழுப்புக் கூடினால் இறுகும், குறைந்தால் இளகும். குளிர்நாட்டுச் செடி இரவுகள் குளிரத் தொடங்கும்போதே சவ்வின் கொழுப்பை இளகும் பக்கம் மாற்றிவிடும். மாவுப்பொருளைச் சீனியாக்கி உறைநிலையையும் இறக்கும், கேல் கீரை பனிக்குப் பின் இனிப்பது இதனால்தான். வெண்டிக்கு அந்த வித்தை இல்லை. கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுக்க உறைபனி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குளிருக்கு ஆயத்தமாகக் காட்டில் ஓக் விதைகளைப் புதைக்கும் அணில்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிவப்பு ஓக் விதை வசந்தம் வரை முளைக்காது, அதை அப்படியே புதைக்கும். வெள்ளை ஓக் விதை விழுந்த கையோடு வேர்விடும், ஆகையால் முளைப்பகுதியைப் பல்லால் கிள்ளி எறிந்துவிட்டுப் புதைக்கும்.

இன்னொரு காட்சிக்கு நவம்பர் முதல் கிழமை வரை பொறுக்க வேண்டும். மேலே மரங்கள் மொட்டையான பிறகும் அடியில் சில பச்சையாக நிற்கும். அவற்றில் பல ஐரோப்பாவிலிருந்து வந்தவை: பக்தோர்ன் புதர், நோர்வே மேப்பிள் கன்று. எல்ம் மரங்கள் நோயில் மடிந்தபோது தெருவோரங்களில் நட்ட நோர்வே மேப்பிள் இன்று பள்ளத்தாக்கெங்கும் விதை பரப்புகிறது. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் அந்நியப் புதர்கள் உள்ளூர்ப் புதர்களை விட வாரக்கணக்கில் அதிகம் பச்சையாக நின்று, மேலிருந்து தடையின்றி விழும் வெயிலில் உணவு சேர்க்கின்றன என்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ஃப்ரிட்லி 2012 இல் நேச்சர் இதழில் காட்டினார்.

நோர்வே மேப்பிளின் இலையில் தார் தெறித்தது போன்ற கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் அடிக்கடி இருக்கும். சந்தேகமென்றால் காம்பை ஒடியுங்கள்: பால் கசிந்தால் நோர்வே, தெளிந்த சாறு என்றால் சர்க்கரை மேப்பிள். பூங்காவுக்குள் இலை பறிக்கக்கூடாது, தெருமரத்தில் பாருங்கள். ஒக்டோபருக்குள் பார்த்துவிட வேண்டும், பிந்தினால் சர்க்கரை மேப்பிளில் ஒடிக்கக் காம்பு இராது.