கடன் இல்லாமல் நம்ம தெருவில் ஒரு குட்டித் திருவிழா



சித்திரை வந்தால் நம்ம பிள்ளைகளுக்கு வீரபாண்டி ஞாபகம்தான். கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பது பெரியவர்கள் பாடு. பிள்ளைகளுக்கு ராட்டினம், வளையம் வீசுற கடை, பலூன் சுடுறது எல்லாம் வேண்டும். அந்தச் சந்தோஷத்தை வீட்டு முற்றத்திலேயே கொண்டுவர முடியுமா? முடியும். இதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

போன கோடையில் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். ஓர் அக்கா 10,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "எதுக்குக்கா?" என்று ஊக்குநர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மகனுக்குப் பிறந்தநாளாம். பக்கத்துத் தெருவில் பந்தல், பலூன் வளைவு, பெரிய கேக் என்று செய்ததைப் பார்த்துப் பையன் அழுகிறானாம். "குழுவில் இல்லைன்னா வெளியில பத்து வட்டிக்கு வாங்கிக்கிறேன்" என்றார்.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். பத்து வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய். பத்தே மாதத்தில் வட்டி மட்டும் 10,000 ஆகிவிடும். அசல் அப்படியே நிற்கும். விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்தில் குனிந்து சம்பாதித்த கூலி ஒரு சாயங்காலத்துக்குப் போய்விடும்.

அதற்காகப் பிள்ளையின் ஆசை தப்பு என்று யாரும் சொல்லவில்லை. குழுவில் பேசி, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு திருவிழா வைக்கலாம் என்று முடிவு பண்ணினார்கள்.

செலவு எவ்வளவு?

12 குடும்பம், தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 1,800. இதைச் சந்தாவிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ எடுக்கவில்லை, தனியாகப் போட்டார்கள்.

• சுண்டல், பொரிகடலை, பானகம் – 900
• பம்பரம், ரிப்பன், பென்சில் பரிசுகள் – 400
• கலர் பேப்பர், பசை, நூல் – 200
• அவசரத்துக்குக் கையில் – 300

என்ன விளையாட்டு?

1. வளையம் வீசுதல்: பழைய செய்தித்தாளை முறுக்கி வளையமாக ஒட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வரிசையாக வைத்து வீசச் சொல்லுங்கள்.

2. டப்பா அடி: ஆறு காலி டப்பாக்களை 3, 2, 1 என்று அடுக்குங்கள். பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து.

3. மீன் பிடி: அட்டையில் மீன் வெட்டி ஊக்கு குத்துங்கள். குச்சியில் நூல் கட்டி, நுனியில் பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைத் தொங்கவிடுங்கள்.

4. முகமூடி: பாக்குமட்டைத் தட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, புலி, குரங்கு வரையச் சொல்லுங்கள். விளையாட்டு வராத சின்னப் பிள்ளைகளும் இதில் உட்கார்ந்துவிடும்.

முக்கியமான ஒன்று. காசு கொடுத்து விளையாடும் கடை யாரும் போடக் கூடாது. அட்டையை வட்டமாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து வில்லை கொடுங்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவு. திருவிழாவில் காசில்லாமல் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நம்ம முற்றத்தில் எந்தப் பிள்ளையும் அப்படி நிற்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

• கலர் பஞ்சுமிட்டாய் வேண்டாம். சோதனையில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை போதும்.
• மேலே பறக்கும் கேஸ் பலூனை அடுப்பு, விளக்கு பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில பலூனில் தீப்பிடிக்கும் வாயு இருக்கும். வாயால் ஊதுகிற பலூனே நல்லது.
• பிளாஸ்டிக் டம்ளர், தட்டு, உறிஞ்சுகுழலுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. வாழையிலையும் வீட்டு டம்ளரும் இருக்கவே இருக்கிறது.
• சேலை ஊஞ்சல் கட்டினால் பெரியவர் ஒருவர் முதலில் உட்கார்ந்து கிளையைச் சோதிக்கட்டும்.
• தோட்ட வேலை இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். அம்மா வராத திருவிழா பிள்ளைக்குத் திருவிழா இல்லை.

அன்றைக்கு அந்தப் பையன்தான் டப்பா அடிக்கிற கடைக்கு முதலாளி. பந்து பொறுக்கிக் கொடுத்தே வியர்த்துப் போனான். இருட்டியதும் அம்மாக்கள் எல்லாம் வளையம் வீச வந்துவிட்டார்கள். கேக் எங்கே என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கடன் கேட்ட அக்கா, மீதியிருந்த 300 ரூபாயை எண்ணிக் குழுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

வரும் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள், சகோதரிகளே. காதுகுத்து, சடங்கு என்று செய்முறைக்காகக் கடன் வாங்கும் முன்னும் இதே மாதிரி குழுவில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உங்கள் தெருத் திருவிழா எப்படி நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.