வர்த்தமானியும் வெள்ளைத் துணியும்

"ஜனாஸாக்களை எரித்தது எந்தச் சட்டம், டீச்சர்?" என்று வெள்ளவத்தை மாணவி ஒருத்தி கேட்டாள். பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய சட்டமல்ல, மகள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11இல் வந்த வர்த்தமானி. அமைச்சரின் கையொப்பமே போதுமாக இருந்தது.

அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமோ அடக்கலாம் என்றே சொல்லியிருந்தது. பிறந்து 20 நாளான குழந்தையும் எரிக்கப்பட்ட பிறகு, பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல. இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன, மறுபடியும் கட்டினார்கள்.

2021 பெப்ரவரியில் இன்னொரு வர்த்தமானி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அடக்கமா தகனமா என்பதைக் குடும்பமே தெரிவுசெய்யச் சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. வாக்குக் கேட்டு வருபவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.