'உம்ம்ம்' சத்தத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கேபிள் தேவையா?

உழவர்கரையில எங்க வீட்டு ஹாலில் இருந்து பேசுறேன். "டிவி, சிடி பிளேயரை எல்லாம் ஆம்ப்ளிஃபயரோட இணைக்கிற கேபிளுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?" இதான் இன்னைக்குக் கேள்வி. நான் ஏமாந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவோட பழைய ஆம்பைத் தூசு தட்டி, டிவியோட இணைச்சேன். பாட்டு போடுறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர்ல 'உம்ம்ம்'னு ஒரு சத்தம். கடையில கேட்டேன். "கேபிள் சரியில்ல தம்பி"ன்னு ஆறாயிரம் ரூபாய்க்கு ஒண்ணைக் காட்டினாங்க. வாங்கி மாட்டினேன். சத்தம் அப்படியேதான் இருந்துச்சு.

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், "ஆம்ப் பிளக்ல எர்த் பின்னைக் கழட்டிடு"ன்னார். கழட்டினதும் சத்தம் நின்னுடுச்சு! ரெண்டு நாள் கழிச்சு ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துட்டுப் பதறிட்டார். "தம்பி, உள்ள ஒரு ஒயர் அறுந்து பாடியில பட்டா, தொடுறவங்க உடம்பு வழியாத்தான் கரண்ட் பூமிக்குப் போகும். முதல்ல பின்னை மாட்டுங்க." அந்த ஆம்பைத் தினமும் துடைக்கிறது எங்க அம்மா.

சத்தம் ஏன் வந்தது? ஆம்ப் மூணு பின் பிளக் வழியா எர்த் ஆகியிருக்கு. டிவிக்கு வர்ற டிஷ் கேபிளோட வெளி உலோகம் மொட்டைமாடியில வேற இடத்துல எர்த் ஆகியிருக்கு. ஆர்சிஏ கேபிள் இந்த ரெண்டையும் இணைச்சு ஒரு வளையம் ஆக்கிடுது. நம்ம வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது அந்த வளையத்துல சுத்தி இசையோட கலந்துடுது. இதுக்குப் பேர் எர்த் லூப். கேபிள் எவ்வளவு விலையா இருந்தாலும் வளையம் உடையாது.

கண்டுபிடிக்கிறது சுலபம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு டிஷ் கேபிளை மட்டும் கழட்டுங்க. மறுபடி ஆன் பண்ணும்போது சத்தம் இல்லைன்னா, காரணம் அதுதான். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் எடுத்து, ஆம்ப் பக்கத்துல ஒரு சின்ன டிஏசி வைக்கலாம். ஆப்டிகல்ல போறது வெறும் ஒளி, அதனால மின் இணைப்பே இருக்காது. இல்லைன்னா ஆடியோ லைன்ல ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை மட்டும் தொடவே தொடாதீங்க.

சரி, கேபிள் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? தேவைக்கு மேல நீளம் வேண்டாம். சுத்தி நல்ல செம்பு வலை இருக்கணும். பிளக் இறுக்கமா உட்காரணும். இவ்வளவுதான்.

"விலை கூடினா ஒலி துல்லியமாகும்"னு சொல்றாங்களே? ஒரு கணக்கு போடுவோம். பிளேயரோட அவுட்புட் இம்பீடன்ஸ் 1,000 ஓம், கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட்னு வச்சுக்குங்க. 1 மீட்டர் கேபிள் சிக்னலைக் கணிசமா குறைக்கிறது சுமார் 16 லட்சம் ஹெர்ட்ஸ்ல. நம்ம காதோட எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான்!

டர்ன்டேபிள் மட்டும் விதிவிலக்கு. சிடி பிளேயர் 2 வோல்ட் வரைக்கும் தரும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தர்றது சுமார் 5 மில்லிவோல்ட், அதுல 400-ல ஒரு பங்கு. கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் அங்கே மேல் ஸ்தாயியை மாத்தும். அதனால கார்ட்ரிட்ஜ் மேனுவல்ல சொன்ன அளவுக்குப் பொருந்துற, குட்டையான கேபிளா பாருங்க. தனியா வர்ற எர்த் ஒயரையும் மறக்காம ஆம்ப்ல மாட்டுங்க.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு: கடல் காத்து. உலோகம் சீக்கிரம் கறுத்துடும். தங்க முலாம் அரிக்காது, அதனால முலாம் பூசின பிளக் இங்கே உபயோகம்தான். முந்நூறு, நானூறு ரூபாய் கேபிள்லயே அது கிடைக்குது. சில மாசத்துக்கு ஒருமுறை பவரை ஆஃப் பண்ணிட்டு, பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டுங்க.

எங்க வீட்டுல இப்போ ஓடுறது முந்நூற்றைம்பது ரூபாய் கேபிள். சத்தம் இல்லை, எர்த் பின்னும் இருக்கிற இடத்துல இருக்கு. மிச்சப்படுற காசை ஸ்பீக்கர்ல போடுங்க, வித்தியாசம் காதுலயே தெரியும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.