பழைய இணையத்தின் ஒலியும் ஒளியும்

மைசூரின் ஹெப்பாள் பகுதியில் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் உள்ளது. கண்ணிமைக்கும் நேரத்தில் காணொலி வந்து சேரும் இப்பகுதியில் வளரும் சிறுவருள்ளும் சிலர், கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய கணினிப் படங்களையும் இரைச்சல் கலந்த இசையையும் விரும்புகின்றனர். தாம் வாழாத காலத்தின்மீது இவர்களுக்கு ஏக்கம் எவ்வாறு வந்தது?

இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது. அக்காலத்தில் கணினி, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை அடைந்தது. அப்போது 'மோடம்' என்னும் கருவி கீச்சிடும், பின்னர் இரையும். அது வெற்றோசை அன்று. எவ்வளவு விரைவாகச் செய்தி அனுப்பலாம் என இரு கருவிகளும் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடே அவ்வொலி. படமோ மேலிருந்து கீழாக, வரிவரியாக விரியும். இன்றைய படத்தில் எந்திரத்தின் உழைப்பு மறைந்துவிடுகிறது. அன்று அது கண்ணுக்கும் செவிக்கும் புலப்பட்டது. இளையோரை ஈர்ப்பது இதுவே எனலாம்.

தமிழருக்கு இதில் வேறோர் உறவும் உண்டு. அன்று பல தமிழ்த் தளங்கள் தமக்கெனத் தனி எழுத்துருவைக் கொண்டிருந்தன. அதனைக் கணினியில் நிறுவாவிடில் 'அம்மா' என்னும் சொல்லும் புரியாத குறிகளாகவே தோன்றும்! அந்நிலையிலும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலறிஞர் முதலியோர் 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கினர். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். அப்பக்கங்களில் அலங்காரம் இல்லை. தமிழ் நூலகம் அருகில் இல்லாத ஊர்களிலும் திருக்குறளைத் திரையில் படிக்க அவை வழிசெய்தன.