பெரிய படமும் சிறிய வட்டும்

மரக்காலைக் குலுக்கி அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். ஆனால் இரண்டு மரக்கால் நெல்லை ஒரு மரக்காலில் அடக்க ஒருவராலும் இயலாது. நீண்டதொரு வீடியோப் படத்தை ஒரு வெற்று வட்டில் பதிய முற்படுவோரும் இவ்வுண்மையை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

டி.வி.டி. எனப்படும் வட்டு, 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நாம் வாங்கும் சாதாரண வெற்று வட்டு ஓர் அடுக்கு உடையது. அது கொள்வது 470 கோடி பைட். உறையின் மீது 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருப்பர். கணினிகள் பலவும் அதனையே ஏறக்குறைய 4.38 என்று காட்டும். இதில் வஞ்சனை ஏதுமில்லை. வட்டைச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றனர். அக்கணினிகளோ 1,024 வீதம் பெருக்குகின்றன. ஆகவே அத்தகைய கணினியில் 4.6 என்று காணப்படும் கோப்பு இவ்வட்டில் அடங்காது.

இனி, மூன்று மணி நேரம் ஓடும் திருமணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் ஆதலின், வட்டின் கொள்ளளவு 3,760 கோடி பிட். மூன்று மணி என்பது 10,800 விநாடி. வகுத்துப் பார்த்தால், விநாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் பிட் கிடைக்கும். ஒலிக்கு 2 இலட்சம் போக, எஞ்சியதே படத்திற்கு. இரண்டு மணிப் படமாயின் விநாடிக்கு 52 இலட்சம் கிடைத்திருக்கும்.

இவ்வளவில் படத்தை அடக்குவது எங்ஙனம்? அடுத்தடுத்த படங்களில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். மணமக்கள் அசையாது அமர்ந்திருக்கையில், பின்னுள்ள திரையை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டுவதில்லை; மாறிய பகுதியை மட்டும் குறித்தால் போதும். எம்பெக்-2 என்னும் முறை இவ்வாறே செய்கிறது. அதன் பின்னும் இடம் போதாவிடின், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை அது நீக்கிவிடும். அட்சதை பறக்கும் கணத்திலும், கூட்டம் அசையும் காட்சியிலும் படம் சிறு சிறு கட்டங்களாகச் சிதறித் தோன்றுவது இதனாலேயே. படம் முழுவதையும் ஒருமுறை ஆராய்ந்துவிட்டு, மறுமுறை எழுதும் மென்பொருளைக் கையாண்டால், அமைதியான காட்சியில் மிச்சம் பிடித்து விரைவான காட்சிக்கு அளிக்கலாம்.

சாதாரணக் கோப்புகளைக் கட்டிச் சுருக்கும் ஜிப் முறை இங்கே பெரிதும் பயன்படாது. வீடியோ முன்பே சுருக்கப்பட்டதாகும். 850 கோடி பைட் கொள்ளும் ஈரடுக்கு வட்டுகளும் உள. எனினும் எழுதும் கருவி அவற்றை ஏற்றல் வேண்டும்.

நீக்கப்பட்ட நுட்பம் எவ்வகையாலும் மீளாது என்பதே இங்குக் கருதற்பாலது. இன்று நம்மிடையே இல்லாத ஒரு முதியவரின் முகம் அப்படத்தில் இருக்கலாம். உறவினர்க்கு அளிக்கும் பிரதிக்குச் சுருக்கம் தகும். பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு அது தகாது. அதனைச் சுருக்காமலே இரண்டு மூன்று கோப்புகளாகப் பகுத்து, அத்தனை வட்டுகளில் எழுதுதலே முறை. எழுதிய வட்டுகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை சரிபார்த்த பின்னரும் மூலக் கோப்பை அழித்தல் வேண்டா. ஒரு வட்டின் விலை சிறிது. அத்திருமண நாளையோ மறுபடியும் படம் பிடிக்க இயலாது.