வத்திக்கானில் எங்கே நின்று பார்ப்பது?

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிஸ்டைன் சிற்றாலயத்தைக் குறிவைத்தே விரைகிறார்கள். ஆனால், வழியில் இரண்டு இடங்களிலாவது நின்றுவிட்டுப் போங்கள், நேயர்களே.

முதலாவது, எண்கோண முற்றத்தில் உள்ள லாவோகூன் சிலை. டிராய் நகரத்துப் பூசாரி ஒருவர், இரு மகன்களோடு பாம்புகளிடம் சிக்கித் தவிக்கிறார். 1506இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணுக்கடியில் இது கிடைத்தபோது பூசாரியின் வலது கை இல்லை. நீட்டிய கை ஒன்றைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். மூலக் கை வளைந்துதான் இருந்திருக்கும் என்று மைக்கேலாஞ்சலோ கருதியதாகச் சொல்வார்கள். 400 ஆண்டுகள் கழித்து, 1906இல், ரோமில் ஒரு கல் பட்டறையில் பழைய கை அகப்பட்டது. வளைந்துதான் இருந்தது! இப்போது சிலையில் இருப்பது அதுவே.

அடுத்தது வரைபடக் கூடம். 120 மீட்டர் நீளம். சுவரெங்கும் இத்தாலியின் பகுதிகளைக் காட்டும் 40 ஓவிய வரைபடங்கள். வரையச் செய்தவர் 13ஆம் கிரகோரி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஆங்கில நாட்காட்டி முறையை 1582இல் கொண்டுவந்தவரும் இதே போப்பாண்டவர்தான்.

வழியில் வரும், ஓவியர் ரஃபேலின் ஓவியங்கள் உள்ள அறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

கடைசியில் சிஸ்டைன். அதன் கூரை ஓவியங்களை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். பலரும் நினைப்பதுபோலப் படுத்துக்கொண்டு அல்ல. சாரத்தில் நின்று, அண்ணாந்தபடி. அங்கே படம் எடுக்க அனுமதியில்லை. தோளும் முழங்காலும் மூடும் உடையில் செல்லுங்கள்.